குளவிக்கூடு அடைத்த அடுப்பும் முறுக்கு ஜாடிக் கணக்கும்

கோட்டையூரில் நான் குடியிருக்கும் வீட்டின் இரண்டாங்கட்டில் ஒரு பெரிய கேஸ் அடுப்பு கிடக்கிறது. வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் அதற்கு வேலை. முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்புக்கு நாலு நாள் இருக்கும்போது வீட்டுக்கார ஆச்சி அதைத் துடைக்கச் சொல்லிப் பற்றவைத்துப் பார்த்திருக்கிறார்கள். தீ மஞ்சளாக எழுந்து அண்டாவின் விளிம்பு வரை நக்கியிருக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது அண்டாவின் அடி முழுக்கக் கரி. விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டியது.

"தம்பி, நீங்கதான கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கிறீங்க, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார்கள். வேதியியல் வாத்தியாருக்கும் அடுப்பு ரிப்பேருக்கும் என்ன சம்பந்தம் என்று வாய் வரை வந்தது. அப்புறம் யோசித்தால் சம்பந்தம் இருக்கத்தான் செய்தது.

முதலில் ரெகுலேட்டரை மூடி, டியூபைக் கழற்றி, அடுப்பை முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். பர்னர் தலையைத் தூக்கினால் உள்ளே பழைய பால் பொங்கிக் காய்ந்த பக்கு, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. அதனால் மட்டும் தீ இப்படி ஆகாது. ஓட்டை அடைத்தால் அந்த இடத்தில் தீ குறையும், இங்கே எல்லாப் பக்கமும் ஒரே மஞ்சள். ஆக, கேஸ் வருகிறது, காற்று வரவில்லை.

இந்த அடுப்புகளின் அமைப்பு எளிமையானது. பித்தளை ஜெட்டின் சின்னத் துளையிலிருந்து கேஸ் வேகமாகப் பீய்ச்சி அடிக்கும். அந்த வேகமே பக்கத்தில் இருக்கும் காற்றைக் குழாய்க்குள் இழுத்துக்கொண்டு போகும். குழாயின் வாய்ப்பக்கம் அதற்காகவே ஒரு திறப்பு உண்டு. எரிவதற்கு வேண்டிய காற்றில் பாதி வாக்கில் இந்த வழியாகக் கலந்து வரும், மிச்சத்தைத் தீ வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு குழாயின் திறப்பில் களிமண் உருண்டை, கட்டைவிரல் மொத்தம், வழவழவென்று பூசிவிட்ட மாதிரி. குளவிக்கூடு. இன்னொன்றில் ஒட்டடையும் கரப்பான் முட்டையும்.

கூட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் மண் உள்ளே விழுந்து ஜெட்டை அடைக்கும் என்று தோன்றியதால் குழாயைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து, ஈரத்துணியால் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். உடைந்த கூட்டுக்குள் காய்ந்துபோன நாலைந்து புழு. குளவி தன் குஞ்சுக்கு வைத்துவிட்டுப் போன சாப்பாடு. குழாயின் உள்பக்கத்தைப் பாட்டில் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்தேன். ஜெட்டை மட்டும் ஊசியால் தொடவே இல்லை. ஊசி போட்டுக் குடைந்தால் துளை பெரிதாகும், கேஸ் கூடும், நாம் சரிசெய்யும் நோய் திரும்ப வரும். வாயால் ஊதினாலே போதும், அதுவும் போகாவிட்டால் புது ஜெட் வாங்கிப் போடுவதுதான் நல்லது.

சாயங்காலம் மாட்டி, மூட்டுகளில் சோப்பு நுரை பூசிக் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டுப் பற்றவைத்தேன். நீலம். உள்கூம்பு தெளிவாக, சத்தம் கொஞ்சம் உஸ்ஸென்று. ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "சரியாயிருச்சு, சரி, காபி குடிங்க" என்று போய்விட்டார்கள். ரிப்பேர் வேலை அத்தோடு முடிந்தது.

ஆச்சியின் மகன் வழிப் பேத்திதான் விடவில்லை. பதினொன்றாம் வகுப்பு, என்னிடம்தான் படிக்கிறாள். வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்திவிடும் பொருள், என்ற பாடம் அந்த வாரம்தான் நடத்தியிருந்தேன். "சார், முற்றம் பூராக் காத்து இருக்கு. கேஸ் கொஞ்சம்தான் வருது. அப்போ கேஸ்தானே கட்டுப்பாட்டுக் காரணி? காத்து எப்படிக் குறையும்?" என்றாள்.

நல்ல கேள்வி. வகுப்பில் பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுதான். வீட்டில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பது கணக்கில் வராது. தீ எரியும் இடத்துக்கு, எரியும் நேரத்துக்குள் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதுதான் கணக்கு. கல்யாணப் பந்தியில் அடுப்படியில் சோறு மலையாகக் கிடந்தாலும், பரிமாற ஆள் இல்லாவிட்டால் இலை காலிதான்.

திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் போட்டோம். எல்பிஜி என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது, கணக்கு எளிதாக இருக்க முழுவதும் பியூட்டேன் என்று வைத்துக்கொண்டோம். மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அளவு. ஒரு மோல் பியூட்டேன், அதாவது 58 கிராம், முழுதாக எரிய ஆறரை மோல் ஆக்சிஜன் வேண்டும், 208 கிராம். கிடைப்பது நாலு மோல் கார்பன் டை ஆக்சைடும் (176 கிராம்) ஐந்து மோல் தண்ணீரும் (90 கிராம்). இடப்பக்கம் 266, வலப்பக்கம் 266. ஒரு கிலோ கேஸ் என்று பார்த்தால் ஏறத்தாழ 3.6 கிலோ ஆக்சிஜன், காற்றாகப் பார்த்தால் பதினைந்தரை கிலோ. கேஸைவிடக் காற்றுக்குத்தான் அடுப்பில் பசி அதிகம் என்று அவள் எழுதிவைத்தாள். நான் அடிக்கவில்லை.

அடுத்தது, ஆறரை மோலுக்குப் பதில் ஐந்தரை மோல் ஆக்சிஜன்தான் வருகிறது என்று வைப்போம். குறைவு 15 சதவீதம் சொச்சம். ஹைட்ரஜன் முழுவதும் தண்ணீராகிவிடும், கார்பன்தான் பட்டினி கிடக்கும் என்று எடுத்துக்கொண்டால், நாலு கார்பனில் இரண்டு கார்பன் டை ஆக்சைடாகும், இரண்டு கார்பன் மோனாக்சைடாகும். ஆக்சிஜனில் ஆறில் ஒரு பங்குகூட முழுசாகக் குறையவில்லை, கார்பன் டை ஆக்சைடின் விளைச்சல் சரிபாதியாகிவிட்டது. இது காகிதக் கணக்கு. நிஜ அடுப்பில் தீ வெளிக்காற்றையும் இழுக்கும், கொஞ்சம் கார்பன் மோனாக்சைடாகும், கொஞ்சம் எரியாமலே கரித்துகளாக வரும். அந்தத் துகள் சூட்டில் ஒளிர்வதுதான் மஞ்சள் நிறம். அண்டாவின் அடியில் ஒட்டியிருந்தது கார்பன் டை ஆக்சைடாக ஆகியிருக்க வேண்டிய கார்பன். கரியாவது கண்ணுக்குத் தெரிகிறது. மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. சாத்திய அறையில் மஞ்சள் தீ எரியவிடுவது ஆபத்து என்பதை அங்கேயே நிறுத்திச் சொன்னேன்.

"இதை அளந்து காட்ட முடியுமா சார்?" என்றாள். அடுப்பிலிருந்து போகும் வாயுவைப் பிடிக்க நம்மிடம் வழி இல்லை. மெழுகுவர்த்தி என்றால் ஜாடிக்குள் அடைக்கலாம். பிடிப்பதற்குச் சுண்ணாம்புத் தண்ணீர். கார்பன் டை ஆக்சைடு பட்டால் அதில் கால்சியம் கார்பனேட் என்ற வெள்ளைப் பொடி உண்டாகும், அதை வடிகட்டி எடை போடலாம். செட்டிநாட்டில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? இரண்டு வீடு தள்ளி ஒரு பழைய வீட்டுச் சுவருக்குப் பூச்சு வேலை நடக்கிறது. கொத்தனாரிடம் கேட்டால் குழியில் ஊறிக்கொண்டிருந்த சுண்ணாம்பில் ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, "வெத்தலைக்கா?" என்றார்.

ஜாடி ஆச்சியுடையது. முறுக்கு போட்டுவைக்கும் வாயகன்ற கண்ணாடி ஜாடி, மூடி எப்போதோ உடைந்துபோனது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்த மாதிரி ஜாடிக்குச் சொல்லும் விலையைக் கேட்டிருக்கிறேன், அதனால் கையில் வாங்கும்போதே பயம். தண்ணீர் ஊற்றி அளந்ததில் 5.4 லிட்டர் பிடித்தது. மூடிக்கு எவர்சில்வர் தட்டு, வாயைச் சுற்றிக் கோதுமை மாவு. தட்டின் அடியில் கம்பி கட்டி அதில் பிறந்தநாள் மெழுகுவர்த்தி தொங்கும். ஜாடியின் அடியில் சுண்ணாம்புத் தண்ணீர். எடை பார்க்க, 0.01 கிராம் வரை காட்டும் சின்ன நகைத் தராசு ஒன்று என்னிடம் இருந்தது.

சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுத்தோம். சூடாக்கினால் இன்னும் கரையும் என்று அவள் அடுப்பில் வைக்கப் போனாள். சுண்ணாம்பு அந்த விஷயத்தில் குணம் கெட்டது, சூடு ஏற ஏறக் குறைவாகத்தான் கரையும். நம் ஊர் வெப்பத்தில் லிட்டருக்கு 1.6 கிராம் வாக்கில். இந்த எண்ணை நான் சொன்னேனே தவிர, அதை வைத்து எதுவும் யோசிக்கவில்லை. அதற்கான தண்டனை சீக்கிரமே வந்தது.

முதல் ஓட்டத்துக்கு 100 மில்லி சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றினோம். மெழுகை ஏற்றி இறக்கித் தட்டை மாவில் அமுக்கினோம். முதலில் மாவு ஒரு ஓரத்தில் புடைத்து 'புஸ்' என்றது, சூட்டில் உள்காற்று விரிகிறது. மேலே ஒரு சின்ன இடிகல்லை வைத்தேன். 50 விநாடி சுமாருக்குத் தீ சிறுத்து, நீலப் பொட்டாகி, அணைந்தது. அணைந்ததும் திரியிலிருந்து ஒரு வெள்ளைப் புகை இழை. ஜாடியை மெதுவாகச் சுழற்றினோம், தண்ணீர் பால் மாதிரி ஆனது. பத்து நிமிஷம் கழித்துத் தட்டை எடுக்கப் போனால் வரவில்லை. உள்ளே காற்று ஆறிச் சுருங்கி, கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரில் போய்விட்டதால் தட்டு ஜாடியைக் கவ்விக்கொண்டது. கத்தி முனையால் மாவை நெம்பித்தான் எடுத்தோம். தட்டில் தண்ணீரை ஊற்றி, மெழுகு ஏற்றி, டம்ளர் கவிழ்த்து, ஏறிய தண்ணீர்தான் தீர்ந்துபோன ஆக்சிஜன் என்று இன்னும் சில இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஏறுவதில் பெரும்பங்கு இந்த ஆறிச் சுருங்கும் வேலைதான்.

மெழுகு 0.09 கிராம் குறைந்திருந்தது. வடிகட்டிக் காயவைத்த பொடி 0.19 கிராம்.

மெழுகு பல நீளச் சங்கிலிகளின் கலவை. 25 கார்பன், 52 ஹைட்ரஜன் உள்ள மூலக்கூறு என்று எடுத்துக்கொண்டால் மோல் எடை 352. ஒரு மோல் எரிய 38 மோல் ஆக்சிஜன், கிடைப்பது 25 மோல் கார்பன் டை ஆக்சைடு. ஒவ்வொரு மோல் கார்பன் டை ஆக்சைடுக்கும் 100 கிராம் கால்சியம் கார்பனேட். அப்படியானால் 0.09 கிராம் மெழுகுக்கு 0.64 கிராம் பொடி வந்திருக்க வேண்டும். வந்தது 0.19. விளைச்சல் 30 சதவீதம். அவள் முகம் சுண்டிவிட்டது.

மிச்சம் எங்கே போனது என்று நான் மாவு ஒட்டிய இடத்தையெல்லாம் சந்தேகப்பட்டேன். கசிவு, கசிவு என்று அரை மணி நேரம் போனது. ஆச்சி பூஜைக்கு வைத்திருந்த மஞ்சள்தூள் கண்ணில் பட்டபோதுதான் புத்தி வந்தது. ஆலாத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது? மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்வதால். வடித்த தண்ணீரில் சுண்ணாம்பு மிச்சம் இருந்தால் மஞ்சள் சிவக்க வேண்டும். தாளில் மஞ்சளைக் கரைத்துத் தடவி, புதுச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்தேன், ரத்தச் சிவப்பு. ஜாடியிலிருந்து வடித்ததில் ஒரு சொட்டு. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. 100 மில்லியில் இருப்பது 0.16 கிராம் சுண்ணாம்பு. 74 கிராம் சுண்ணாம்புக்கு 100 கிராம் பொடி என்ற கணக்கில் அதிலிருந்து அதிகபட்சம் 0.216 கிராம்தான் வரும். நமக்கு வந்தது 0.19. இந்தக் கணக்கில் விளைச்சல் 88 சதவீதம்! எரிதலுக்கு ஒரு கட்டுப்பாட்டுக் காரணி, பிடிப்பதற்கு இன்னொன்று. நான் முதல் வினையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டாவதில் பற்றாக்குறை. வகுப்பில் இத்தனை வருஷம் நடத்தியும் என் ஜாடியில் எனக்கே தெரியவில்லை.

இரண்டாம் நாள் ஓட்டத்துக்கு 400 மில்லி ஊற்றினோம். அதில் 0.64 கிராம் சுண்ணாம்பு இருக்கும், ஒரு தடவை எரிவதற்குத் தாராளம். தராசின் கடைசி இலக்கம் 0.01 என்பதால் 0.09 என்ற எடையில் பத்து சதவீதத்துக்கு மேலேயே தவறு வரலாம். அதனால் புதுக் காற்றும் புதுச் சுண்ணாம்புத் தண்ணீருமாக நாலு தடவை எரித்து, எல்லாப் பொடியையும் ஒன்றாகச் சேர்த்தோம். ஒவ்வொரு தடவையும் மஞ்சள் தாளில் சொட்டு வைத்தோம், நாலும் சிவந்தன. அந்தத் தாளை நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறாள்.

மெழுகு தொடக்கத்தில் 3.42, முடிவில் 3.05. எரிந்தது 0.37 கிராம். வர வேண்டிய பொடி 2.63 கிராம். பொடியை மூடிய போணியில் தெளியவிட்டு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் கொஞ்சம் ஊற்றிக் கழுவி, ஏற்கெனவே எடை பார்த்த வடிதாளில் வடித்தோம். அன்று மாலையே தாள் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. எடை பார்த்து 2.39 என்று எழுதி, 91 சதவீதம் என்று கொண்டாடிவிட்டாள். மறுநாள் மதியம் வரை மொட்டைமாடி வெயிலில் வைத்த பிறகு 2.10. ஈரம் நமக்குப் பொய் சொல்லியிருந்தது. அப்புறம் இரண்டு மணி நேரம் கழித்தும் 2.10, எனவே நிறுத்திக்கொண்டோம். விளைச்சல் 80 சதவீதம்.

இதற்குள் அவளே இன்னொரு கணக்கைப் போட்டு வைத்திருந்தாள், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. ஜாடிக்குள் 400 மில்லி தண்ணீர் போகக் காற்று 5 லிட்டர். ஆக்சிஜன் 21 சதவீதம், அதாவது 1.05 லிட்டர். 30 டிகிரியில் ஒரு மோல் வாயு 24.9 லிட்டர், எனவே 0.042 மோல் ஆக்சிஜன். அது எரிக்கக்கூடிய மெழுகு 0.39 கிராம். மெழுகுவர்த்தியோ 3.4 கிராம். ஆக்சிஜன்தான் கட்டுப்பாட்டுக் காரணி, 0.39 கிராம் எரிந்து முடிந்தால்தான் தீ அணைய வேண்டும். "ஆனா ஒரு தடவைக்கு 0.09 தான எரிஞ்சுச்சு. நாலு தடவை எரிச்சும் 0.37. ஒரே தடவையில எரிய வேண்டியதுகூட எரியல. தப்பு எங்க சார்?"

தப்பு இல்லை. கட்டுப்பாட்டுக் காரணி கடைசித் துளி வரை தீரும் என்பது, வினை தானாக நின்றுவிடாமல் முடிவு வரை ஓடினால்தான். மெழுகுத் தீ தன் சூட்டில்தான் மெழுகை உருக்கி ஆவியாக்கி எரித்துக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் குறையக் குறைய அந்தச் சூடு போதாமல் போகும். காற்றில் ஆக்சிஜன் 16 சதவீதம் சுமாருக்கு இறங்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். அவள் எண்களிலேயே அது இருந்தது: 0.0925 கிராம் மெழுகுக்குச் செலவானது 0.01 மோல் ஆக்சிஜன், இருந்ததில் கால்வாசிக்கும் சற்றுக் குறைவு. 21-லிருந்து நாலில் ஒரு பங்கு போனால் 16. காகிதத்திலிருந்து எடுத்த எண்ணை நம் முறுக்கு ஜாடி திருப்பிச் சொன்னதும் இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஆச்சி வந்து, "என்ன, அடுப்பு திரும்பக் கெட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆக, நோட்டில் இப்போது இரண்டு சதவீதம் இருக்கிறது. ஜாடியிலிருந்த மொத்த ஆக்சிஜனை வைத்துப் பார்த்தால் எரிந்தது 24 சதவீதம். எரிந்த மெழுகை வைத்துப் பார்த்தால் பிடித்தது 80 சதவீதம். எதற்கு எதிரே என்று எழுதாமல் வெறும் சதவீதம் போட்டால் மார்க் கிடையாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

மீதி 20 சதவீதம் எங்கே என்று பட்டியல் போட்டோம். முதல் 'புஸ்'ஸில் கொஞ்சம் வெளியே போயிருக்கும். அணையும்போது எழுந்த வெள்ளைப் புகை எரியாத மெழுகு ஆவி, அது எடையில் குறைந்தது, கார்பன் டை ஆக்சைடாக ஆகவில்லை. தட்டின் அடியில் மெல்லிசாகக் கரி. வடிதாளின் மடிப்பில் கொஞ்சம். எதிர்ப்பக்கமும் ஒரு கணக்கு உண்டு: சுண்ணாம்புத் தண்ணீர் திறந்திருந்த நேரத்தில் அறைக்காற்றிலிருந்தே ஆடை கட்டியது, அது நமக்கு ஓசியில் சேர்ந்த பொடி.

படைப்பு அன்று காலையில் அடுப்பு நீலமாகவே எரிந்தது. அண்டாவை இறக்கும்போது ஆச்சி அடியைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அது பாராட்டு என்று எனக்குத் தெரியும். அடுப்பை எடுத்துவைக்கும்போது இரண்டு குழாய் வாயிலும் துணியைச் சுருட்டிச் செருகி, அந்தத் துணியில் நீளமாகச் சிவப்பு நாடா கட்டிவிட்டேன். எடுக்காமல் யாரும் பற்றவைத்துவிடக் கூடாது.

ஜாடியைத் திருப்பிக் கொடுக்கக் கழுவினால் உள்பக்கம் வெள்ளைப் படலம் போக மறுத்தது. சோப்பு, சாம்பல், எதற்கும் அசையவில்லை. எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்தோம். படலம் மெல்ல நுரைத்து, சின்னச் சின்னக் குமிழியாக விட்டது. அவள் ஜாடிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சார், இதுவும் நம்ம பொடிதானே? தேய்க்கிறதுக்கு முன்னாடி ஜாடியை எடை போட்டிருக்கணும்."